இணையம் எட்டாத அறையில் உலாவி: ஒரு செய்முறைப் பதிவு

இலங்கை மலையகத்தில் கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் இடையிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், முன்பு பிள்ளைக் காம்பராவாக (தொழிலாளர் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் இடமாக) இருந்த கட்டடத்தின் ஒரு பாதியை மாலை வகுப்புக்காக எங்களுக்குத் தந்திருக்கிறார்கள். யாரோ பயன்படுத்திவிட்டுக் கொடுத்த நான்கு மேசைக் கணினிகளும் என்னுடைய மடிக்கணினியும் அங்கே இருக்கின்றன. தரம் 8 முதல் 11 வரை படிக்கும் இருபது பிள்ளைகள் வருகிறார்கள். அறைக்குள் சிக்னல் கிடையாது. கோயில் மேட்டுக்கு ஏறினால் ஒரு கோடு காட்டும். தென்மேற்கு மழை தொடங்கிவிட்டால் அதுவும் வந்து வந்து போகும். ஆகவே விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் வேண்டிய ஊடாடு நிரல்களை ஹட்டன் நகரில் ஒரு நண்பரின் வீட்டில் தரவிறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து, இணையம் இல்லாமலே உலாவியில் ஓட்டுவது என்று தீர்மானித்தேன். அந்த வேலை ஒரு மாலையில் முடியும் என்று எண்ணினேன். ஏறத்தாழ மூன்று மாதங்கள் பிடித்தன. இடையில் தெரிந்துகொண்டவற்றை, இதே நிலையில் இருக்கும் வேறு ஆசிரியர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதிவைக்கிறேன்.

உலாவியைத் தெரிவு செய்ததற்குக் காரணம் உண்டு. மேசைக் கணினிகள் நான்கும் 2 ஜிபி நினைவகம் கொண்ட விண்டோஸ் 7 இயந்திரங்கள். அவற்றில் ஒவ்வொரு மென்பொருளாக நிறுவுவதும், ஒன்று நிறுவும்போது இன்னொன்று குழம்புவதும் எனக்கு முன்பே பழக்கமான துன்பங்கள். உலாவியோ எல்லாவற்றிலும் ஏற்கெனவே இருக்கிறது. விண்டோஸ் 7இல் இயங்கும் கடைசிக் குரோம் 109ஆம் பதிப்பு, கடைசிப் பயர்பொக்ஸ் 115ஆம் நீட்டித்த ஆதரவுப் பதிப்பு என்பதைத் தெரிந்துகொண்டு, அந்த இரண்டையும் நான்கு கணினிகளிலும் ஒரே சீராகப் போட்டேன். வெளி இணையத்தில் உலவுவதற்கு இந்தப் பழைய கணினிகள் இனிப் பாதுகாப்பானவை அல்ல. வெளி இணையமே இல்லாத எங்கள் அறைக்கு அவை போதும்.

முதலில் திறந்து பார்த்தவை கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தின் ஃபெட் உருவகப்படுத்தல்கள். 2001இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய திட்டம் அது. சிலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. மின்சுற்று அமைக்கும் நிரலை இரட்டைச் சொடுக்கியதும் சற்று நேரம் எடுத்துத் திறந்தது. 9 வோல்ட் மின்கலம், 10 ஓம் தடை, ஓர் அம்பியர்மானி. மூன்றையும் கம்பியால் இணைத்ததும் வாசிப்பு 0.90 என்று நின்றது. ஓமின் விதியைப் பாடமாக்கி ஒப்புவித்திருந்த ஒரு மாணவன், தடையை 20 ஓமுக்கு இழுத்துவிட்டு வாசிப்பு பாதியாகக் குறைவதைப் பார்த்து, மறுபடி பின்னுக்கு இழுத்து, மறுபடி முன்னுக்கு இழுத்து, அப்படியே பத்து நிமிடம் இருந்தான். அம்பியர்மானியை அதற்குமுன் அவன் கையால் தொட்டதில்லை. இந்த வேலையை எப்படியும் முடித்தே ஆக வேண்டும் என்று நான் உறுதி கொண்டது அந்தப் பத்து நிமிடத்தில்தான்.

ஃபெட் நிரல்கள் இவ்வளவு எளிதாகத் திறப்பதற்குக் காரணம் அவற்றின் கட்டமைப்பு. படம், ஒலி, நிரற்குறிகள் அனைத்தும் ஒரே எச்.டி.எம்.எல். கோப்புக்குள் திணிக்கப்பட்டிருக்கின்றன. உலாவி அதைத் திறந்தபின் வேறு எதையும் தேடிப் போக வேண்டியதில்லை. கட்டளைக் கட்டங்களை அடுக்கி நிரல் எழுதும் ஸ்க்ராட்சில் செய்த விளையாட்டுகளையும் டர்போவார்ப் என்ற கருவியின் பொதியாக்கியால் இதேபோல் ஒரே கோப்பாக மாற்றலாம். பிள்ளைகள் செய்த ஆறு விளையாட்டுகளை அப்படி மாற்றி வைத்தேன், ஒரு சிக்கலும் வரவில்லை. சிக்கல்கள் எல்லாம், பல கோப்புகளாகப் பிரிந்து ஒரு கோப்புறையாக வரும் நிரல்களிலிருந்தே தொடங்கின.

தமிழ்த் தட்டச்சுப் பயிற்சி நிரல் ஒன்று, பல கோப்புகளை ஒன்றாகச் சுருக்கிக் கட்டிய சிப் பொதியாக வந்தது. பொதியை விரிக்காமலே அதற்குள் போய்த் தொடக்கப் பக்கத்தைச் சொடுக்கினேன். எழுத்துகள் மட்டும் சிதறிக் கிடந்தன. நிறமில்லை, விசைப்பலகைப் படமில்லை. விண்டோஸ் சிப் பொதியை ஒரு கோப்புறை போலக் காட்டினாலும், உள்ளிருக்கும் ஒன்றைச் சொடுக்கும்போது அந்த ஒரு கோப்பை மட்டும் எடுத்து எங்கோ ஒரு தற்காலிக இடத்தில் வைத்துத் திறக்கிறது. பக்கத்தில் இருக்க வேண்டிய மற்றக் கோப்புகள் அங்கே இல்லை. “முழுவதையும் பிரித்தெடு” என்பதைக் கொடுத்து விரித்தபிறகு நிறங்கள் வந்தன, விசைப்பலகை வந்தது. ஆனால் எந்த விசையை அழுத்தினாலும் ஒன்றும் நடக்கவில்லை.

இந்த இடத்தில்தான் பலரும் தரவிறக்கம் பழுது என்று சொல்லிக் கோப்பை அழித்துவிடுகிறார்கள். நானும் இரண்டு தடவை ஹட்டனுக்குப் போய் மறுபடி தரவிறக்கி வந்தேன். மழையில் பஸ்ஸுக்கு நின்ற அந்த இரண்டு பயணங்களும் தேவையே இல்லாதவை. எஃப் 12 விசையை அழுத்திக் கொன்சோல் என்ற பகுதியைத் திறந்திருந்தால், அங்கே சிவப்பில் காத்திருந்த ஒரு வரி காரணத்தை அன்றே சொல்லியிருக்கும். நிரல், தன்னை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் குறிகள் உள்ள தனிக் கோப்பு (கூறு) ஒன்றைக் கேட்டிருக்கிறது. தோற்றுவாய் வெறுமை என்பதால் அணுகல் மறுக்கப்பட்டது என்று உலாவி பதிலளித்திருக்கிறது.

அந்த மறுப்பின் பொருளை விளக்க வேண்டும். உலாவி ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தோற்றுவாயை வைத்துக்கொள்கிறது: நெறிமுறை, தள முகவரி, போர்ட் எண் ஆகிய மூன்றும் சேர்ந்ததே அது. ஒரே தோற்றுவாயைச் சேர்ந்த பக்கங்கள் ஒன்றின் கோப்பை ஒன்று தடையின்றிப் படிக்கலாம். வட்டிலிருந்து நேரே இரட்டைச் சொடுக்கித் திறக்கும் பக்கத்துக்குத் தள முகவரி என்று எதுவும் இல்லாததால், உலாவி அதை எவரோடும் உறவற்ற தனி ஆளாகவே நடத்துகிறது. பக்கத்துக் கோப்பைக் கேட்டாலும் தர மறுக்கிறது. குரோம் நெடுங்காலமாக இப்படித்தான் இருந்தது. பயர்பொக்ஸ் ஒரே கோப்புறையிலுள்ள கோப்புகளை 2019 வரை அனுமதித்து, அந்த ஆண்டு ஜூலையில் வந்த 68ஆம் பதிப்பில் அதுவும் கதவை மூடியது. “பழைய பயர்பொக்ஸில் வேலை செய்ததே” என்று சிலர் சொல்வது அதனால்தான். அவர்கள் சொல்வது உண்மை.

இந்தக் கட்டுப்பாடு வீண் தொல்லை அல்ல. நம்மில் பலருக்குத் தரவிறக்கக் கோப்புறைதான் எல்லாம் வந்து விழும் இடம்; அடையாள அட்டைப் பிரதி, வங்கிப் பற்றுச்சீட்டு, பிள்ளைகளின் பெறுபேற்றுத் தாள் எல்லாம் அங்கேயே கிடக்கும். எங்கிருந்தோ வந்த ஒரு பக்கத்தை அதே கோப்புறையில் வைத்துத் திறக்கும்போது, அது அக்கம்பக்கத்துக் கோப்புகளைப் படித்து வெளியே அனுப்பிவிடக் கூடாது. குரோமைத் தொடங்கும்போதே ஒரு கட்டளையைச் சேர்த்து இந்தத் தடையை நீக்க வழி இருக்கிறது. நான் அதைச் செய்யவில்லை. பிள்ளைகள் வீட்டுக் கணினியிலும் அதையே செய்வார்கள் என்ற பயம் எனக்கு இருந்தது.

நேர்மையான வழி, அந்த நிரலுக்கு ஒரு முகவரி கொடுப்பது. பைதன் மொழியை நிறுவினால் அதோடு, உலாவி கேட்கும் கோப்புகளை எடுத்துக்கொடுக்கும் ஒரு சிறிய எச்.டி.டி.பி. சேவையகமும் வந்துவிடும். நிரல்கள் உள்ள கோப்புறையில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, அந்தச் சேவையகக் கூறை 8000 என்ற போர்ட்டில் தொடங்குமாறு ஒரே வரி எழுதினால் போதும். பிறகு உலாவியின் முகவரிப் பட்டையில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதி, முக்காற்புள்ளி இட்டு, 8000 என்று முடித்தால் கோப்புறையின் பட்டியல் வந்து நிற்கும். இணையம் இதில் எங்கும் இல்லை. கணினி தன்னிடமே கேட்டு, தானே கொடுக்கிறது. ஆனால் பக்கத்துக்கு இப்போது ஒரு தோற்றுவாய் இருக்கிறது.

மின்சுற்று நிரல் இதிலும் திறந்தது. தட்டச்சு நிரல் மட்டும் அசையவில்லை. கொன்சோலில் வரி மாறியிருந்தது. இப்போது உலாவி சொன்னது: ஜாவாஸ்கிரிப்ட் கூறு வந்து சேர்ந்தது, ஆனால் அது வெறும் உரை என்று முத்திரையிடப்பட்டு வந்திருப்பதால் இயக்க மாட்டேன். எனக்கு இது பிடிபட இரண்டு மாலைகள் ஆயின. சேவையகம் ஒவ்வொரு கோப்பையும் அனுப்பும்போது அது எவ்வகை என்று ஒரு குறிப்பைச் சேர்த்து அனுப்புகிறது. விண்டோஸில் பைதன் அந்த வகையை, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டைப் பார்த்தும் அறிந்துகொள்கிறது. என் மடிக்கணினியில் எப்போதோ நிறுவிய ஏதோ ஒரு மென்பொருள், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள் வெறும் உரை என்று அந்தப் பதிவேட்டில் எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தது. கூறுகளாக எழுதப்பட்ட ஜாவாஸ்கிரிப்ட் விடயத்தில் உலாவி அந்த முத்திரையை மிகக் கறாராகப் பார்க்கும்.

பதிவேட்டைத் திருத்துவதைவிடச் சேவையகத்துக்கே சொல்லிக்கொடுப்பது நல்லது என்று பட்டது. பத்து வரிக்குள் ஒரு பைதன் கோப்பு எழுதி, கோப்புப் பெயர் நீட்டிப்புகளின் அட்டவணையில் ஜாவாஸ்கிரிப்டுக்கும் வெப்அசெம்பிளிக்கும் (உலாவி நேரே இயக்கும் இன்னொரு நிரல் வடிவம்) உரிய வகைகளை நானே குறித்தேன். அந்த அட்டவணையைத்தான் பைதன் முதலில் பார்க்கும். பதிவேட்டில் என்ன இருந்தாலும் கவலையில்லை. சேவையகத்தை நிறுத்தித் தொடங்கிப் பார்த்தேன். மறுபடியும் அதே பிழை. உலாவி பழைய பதிலையே தன் சேமிப்பிலிருந்து எடுத்துக்காட்டுகிறது என்பது பிறகுதான் உறைத்தது. கொன்ட்ரோல், ஷிப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தியதும் விசைப்பலகை உயிர்பெற்றது. திரையில் ‘அ’ மஞ்சளாக ஒளிர்ந்து விசைக்காகக் காத்திருந்தது.

அடுத்தவை பிளாஷ் நிரல்கள், அதாவது அசையும் படங்களையும் ஊடாடு பாடங்களையும் உலாவியில் ஓட்ட முன்பு பரவலாகப் பயன்பட்ட தொழில்நுட்பத்தில் செய்தவை. எனக்கு மூத்த ஓர் ஆசிரியர், ஓய்வுபெறும்போது ஒரு குறுவட்டைக் கொடுத்திருந்தார். சூரியக் குடும்பம், காந்தப் புலம், பின்னங்கள் என்று இருபத்து மூன்று பாடங்கள், எல்லாம் பிளாஷில் செய்தவை. பிளாஷை நிறுத்தப்போவதாக அடோபி நிறுவனம் 2017 ஜூலையில் அறிவித்தது. 2020 டிசம்பர் 31உடன் ஆதரவு முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் பிளேயரே உள்ளடக்கத்தை ஓட்ட மறுத்தது. ஆகவே அந்தக் குறுவட்டை எடுத்துப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரு வெற்றுப் பெட்டியையே கண்டார்கள். பாடங்கள் அழிந்துவிடவில்லை. அவற்றைப் படிக்கும் கருவிதான் போய்விட்டது.

ரஃபிள் என்ற திறந்த மூல மென்பொருள் அந்தக் கருவியின் இடத்தை நிரப்புகிறது. ரஸ்ட் மொழியில் எழுதி வெப்அசெம்பிளியாக மாற்றப்பட்டிருப்பதால், அதை உலாவிக்குள் எதுவும் நிறுவாமலே ஓட்டலாம். தளங்களில் வைப்பதற்கென்றே தரும் பொதியை விரித்து, எங்கள் கோப்புறைக்குள் ஓர் உட்கோப்புறையாக வைத்து, ஒவ்வொரு பாடத்தின் எச்.டி.எம்.எல். பக்கத்திலும் ஒரு வரியால் அதை அழைத்தேன். பக்கத்தில் பழைய பிளாஷ் ஒட்டு எங்கே இருந்தாலும் ரஃபிள் தானாகவே அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது. இரட்டைச் சொடுக்கில் இதுவும் ஓடாது. வெப்அசெம்பிளிக் கோப்பைத் தேடிப் போகும்போது அதே தோற்றுவாய்த் தடை வரும். சேவையகம் முன்பே இருந்ததால் எங்களுக்குத் தடையில்லை.

இருபத்து மூன்றில் பதினேழு பாடங்கள் குறையின்றி ஓடின. பிளாஷில் பழைய ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 1, 2 என்றும், 2006இல் ஒன்பதாம் பிளேயரோடு வந்த ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3 என்றும் இரு வேறு இயக்க முறைகள் உண்டு. ரஃபிள் பழையவற்றை மிக நன்றாகவும் புதியதை ஓரளவுக்கும் கையாளுகிறது. குறுவட்டில் மிகப் பழைய பாடங்கள்தான் ஒழுங்காக ஓடின, புதியவை இடறின; பழசுதான் முதலில் கைவிடும் என்று எண்ணியிருந்த எனக்கு அது மகிழ்ச்சி தந்தது.

நான்கு பாடங்களில் படம் அசைந்தது, எழுத்து மட்டும் கெட்டது. தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகள் பொருளில்லாமல் அடுக்கி நின்றன. நம் நாட்டில் கணினியில் தமிழ் தட்டியவர்களுக்கு இது பழகிய காட்சி: பாமினி. யூனிகோடு பரவுவதற்குமுன் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்துச் செய்த எழுத்துரு அது. எழுத்துருவின் வடிவங்களைப் பிளாஷ் கோப்புக்குள்ளேயே பதித்திருந்த பாடங்கள் தமிழில் வந்தன. கணினியில் பாமினி இருக்கும் என்று நம்பி விட்டவை ஆங்கிலத்தில் வந்தன. சாதாரண எச்.டி.எம்.எல். பக்கங்கள் சிலவற்றிலும் இதே குறை இருந்தது. அங்கே எழுத்துருக் கோப்பைக் கூடவே வைத்து, பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் நடைத்தாளில் (சி.எஸ்.எஸ்.) அதன் பெயரை அறிவித்ததும் சரியாயிற்று. பிளாஷ் பாடங்கள் நான்கிற்கும் அவற்றின் அறிவுறுத்தல்களைக் கடதாசியில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டினேன். மீதி இரண்டு பாடங்கள் ஓடவே இல்லை, அவற்றை விட்டுவிட்டேன்.

ஒரு மடிக்கணினியில் ஓடியதை ஐந்து திரைகளுக்குக் கொண்டுபோவது அடுத்த வேலை. இணைப்புத் துண்டிக்கப்பட்ட ஒரு பழைய ரவுட்டரை வாங்கி, அதன் வைஃபையையும் கம்பிகளையும் மட்டும் பயன்படுத்தினேன். விண்டோஸின் தீச்சுவர் முதல்முறை கேட்கும் கேள்விக்கு, இது தனியார் வலையமைப்பு என்று விடை கொடுக்க வேண்டும். நான் அவசரத்தில் மறுத்துவிட்டு, மற்றக் கணினிகள் ஏன் சுற்றிக்கொண்டே இருக்கின்றன என்று ஒரு மணி நேரம் தேடினேன். கைபேசிகளில் வேறு கதை. வைஃபையில் இணையம் இல்லை என்று கண்டதும் அவை தாமாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடுகின்றன. டேட்டாவை நிறுத்திவிட்டு, “இணையம் இல்லாவிட்டாலும் இணைந்திரு” என்பதைத் தெரிவு செய்தால் நிலையாக நிற்கும்.

ஒலியலைகளைக் காட்டும் நிரல் ஒன்றுக்கு ஒலிவாங்கி வேண்டும். அது என் மடிக்கணினியில் ஓடியது, மேசைக் கணினிகளில் ஒலிவாங்கியைக் கேட்கவே இல்லை. உலாவி லோக்கல்ஹோஸ்டை நம்பத்தக்க இடமாகக் கொள்கிறது. அதே பக்கம் வலையமைப்பு முகவரியில், குறியாக்கமில்லாத எச்.டி.டி.பி. வழியாக வந்தால் நம்புவதில்லை. ஒலிவாங்கி, கமரா போன்றவற்றை நம்பிய இடத்துக்கு மட்டுமே தரும். அந்த ஒரு நிரலை மடிக்கணினியில் மட்டும், பிள்ளைகளைச் சுற்றி நிறுத்திக் காட்டுகிறேன்.

மழைக்காலத்தில் மின்சாரம் அடிக்கடி போகும். என் மடிக்கணினி எனக்கும் வேண்டும். ஆகவே சேவையகத்தை, கைக்குள் அடங்கும் சிறு கணினியான ஒரு ராஸ்பெரி பை 3 பலகைக்கு மாற்றினேன். 1 ஜிபி நினைவகமே உள்ள அந்தச் சிறு பலகை பவர் பாங்கிலேயே ஓடுகிறது. கோப்புகளை எடுத்துக்கொடுப்பது அதற்குப் பெரிய வேலை அல்ல. மாற்றிய அன்று, அதுவரை ஒழுங்காக இருந்த பின்னங்கள் பாடத்தில் படங்கள் காணாமல் போயின. எஃப் 12 அழுத்தி, பிள்ளைகளையே பார்க்கச் சொன்னேன். கோப்பு இல்லை என்று 404 எண்ணோடு ஏழு வரிகள். கோப்புறையில் படங்கள் ஏழும் இருந்தன. தரம் 10இல் படிக்கும் ஒரு பிள்ளை திரையையும் கோப்புப் பட்டியலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “சேர், இங்க கேக்கிற பேருல முதல் எழுத்து கெப்பிட்டல். பட்டியல்ல சிம்பிள்.”

அதுதான். விண்டோஸ் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே எண்ணும். ராஸ்பெரி பை பலகையில் ஓடும் லினக்ஸ் இயங்குதளத்துக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். நிரலைச் செய்தவர் விண்டோஸில் செய்து, விண்டோஸிலேயே சோதித்திருப்பார். அவர் கண்ணுக்கு இது பட வாய்ப்பில்லை. பிள்ளையே ஏழு கோப்புகளின் பெயர்களையும் மாற்றினாள். அன்று முதல் புதிய நிரல் எதைக் கொண்டுவந்தாலும் முதலில் கொன்சோலைத் திறப்பது அவள் வேலை.

கடைசிச் சிக்கல் அவளுடையதுதான். ஒரு திங்கட்கிழமை தட்டச்சு நிரலைத் திறந்தவள் முகம் வாடிப்போய் வந்தாள். பதினான்காம் நிலை வரை போயிருந்தவளுக்கு நிரல் முதலாம் நிலையைக் காட்டியது. மற்றவர்களுக்கும் அப்படியே. வெள்ளிக்கிழமை மின்சாரம் போய் ரவுட்டர் மீண்டும் தொடங்கியபோது, பலகைக்கு வேறு முகவரியைக் கொடுத்திருந்தது. நிரல் ஒவ்வொருவரின் நிலையையும் உலாவியின் உள்ளகச் சேமிப்பில் எழுதுகிறது. அந்தச் சேமிப்பு தோற்றுவாய் வாரியாகப் பிரிக்கப்பட்டது. முகவரியின் கடைசி எண் மாறியதும் உலாவிக்கு அது அறிமுகமில்லாத புதிய இடம். பழைய இடத்துக்கு உரியதை அது புதியவருக்குத் தராது. தட்டச்சு நிரலை அசையாமல் நிறுத்திய அதே விதிதான் இங்கேயும் வேலை செய்தது.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குப் போய், பலகையின் வன்பொருள் எண்ணுக்குப் பழைய முகவரியை நிரந்தரமாக ஒதுக்கினேன். பலகையை நிறுத்தித் தொடங்கினோம். அவள் பழைய முகவரியைத் தட்டினாள். பதினான்காம் நிலை, விட்ட சொல்லோடு, அப்படியே இருந்தது. முகவரியை ஒரு கடதாசியில் பெரிதாக எழுதி, அறிவுறுத்தல் தாள்களுக்கு மேலே அவளே ஒட்டினாள்.